கொக்கு நின்ற உயரம்

சுவரைக் காணோம். காலையில் இருந்தது. பல் விளக்கிவிட்டு வந்தபோதுகூட இருந்தது. வெளுத்துப்போன மஞ்சள் சுவர், ஜன்னலுக்குக் கீழே ஓதம் ஏறிய திட்டு, பழைய காலண்டர் தொங்கிய ஆணி. சுவத்துக்குப் பேப்பர் ஒட்டறாங்கப்பா, நீங்க ஹால்ல உக்காருங்க என்றாள் மகள் தமயந்தி. உட்கார்ந்தார். சோறு வந்தது, தின்றார். கண் அசந்தார். பேப்பர் என்றால் என்ன, நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற மாதிரி ஏதோ பூப்போட்டது, ஒட்டிவிட்டுப் போகட்டும் என்று இருந்தார். இரண்டு மணிக்கு அறைக் கதவைத் திறந்தால், கட்டிலுக்கு எதிரே, தரையிலிருந்து கூரை வரை, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை மூங்கில் காடு நிற்கிறது. வெள்ளிங்கிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால் வாசலைத் தாண்ட மாட்டேன் என்றது. எழுபத்து நாலு வயசு. முப்பத்தைந்து வருஷம் காட்டிலாகாவில் கார்டு வேலை. காட்டை விட்டு இறங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. கோயம்புத்தூரில் மூன்றாவது மாடியில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில், மகள் வீட்டில் கிடக்கிறார். இப்போது காடு லிஃப்டில் ஏறி வந்துவிட்டது.

எப்படிங்கப்பா இருக்குது என்று தமயந்தி பின்னால் நின்று கேட்டாள். "ம்." அந்த ம்முக்கு என்னங்கப்பா அர்த்தம். "ம்முன்னா ம்." ஒட்ட வந்த இஸ்மாயில் ஏணியை மடக்கிக்கொண்டே சிரித்தான், பெரியவரு பேச்சுல கெட்டி போல என்றான். எங்கப்பா பொறந்ததுல இருந்து பேசினது அத்தனையும் எழுதினா ஒரு போஸ்ட் கார்டுல அடங்கிரும், அதுலயும் பாதி ம்முதான் என்றாள் அவள். சிரிக்கட்டும். இஸ்மாயில் துணியால் சுவரை ஒரு தடவை நீவிவிட்டுச் சொன்னான்: "அஞ்சு மணி வரைக்கும் ஃபேன் போடாதீங்க பெரியவரே, ஜன்னலும் தொறக்க வேணாம். காத்து அடிச்சா வெடுக்குனு காஞ்சு ஜாயின்ட்டு வாயைப் பொளந்துக்கும். தானா காயணும், மெதுவா." போய்விட்டான். ஜன்னல் விளிம்பில் அவன் பென்சில் கிடந்தது, தச்சர்கள் காதில் சொருகுகிற தட்டைப் பென்சில், மறந்துவிட்டான். தமயந்தி நாற்காலியை இழுத்துச் சுவருக்கு நேரே போட்டாள். "இங்க உக்காந்து இதையே பாத்துட்டிருங்க. பச்சையைப் பாத்தா மனசு அடங்குமாமுங்க, ரத்தக் கொதிப்பு எறங்குமாம். உங்களுக்குன்னு ஒரு மாசமா தேடியிருக்கேன். அஞ்சு மணிக்கு பிரஷர் மிஷினோட வர்றேன்." கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அஞ்சு மணி. எல்லாம் அதில்தான் இருக்கிறது. இடது கண்ணில் புரை முற்றி வெள்ளைக் கல்லாக நிற்கிறது. வலது கண்ணில் பாதி. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய், பச்சைத் தொப்பி மாட்டி, சொட்டு மருந்து விட்டு, மேசை வரைக்கும் போய்த் திரும்பியாயிற்று. பிரஷர் நூற்றுத் தொண்ணூறு, கத்தி வைக்க முடியாது, இறங்கின பிறகு வாங்க. இந்த வியாழக்கிழமை மூன்றாவது முறை. இதற்கு மேலும் தள்ளினால் முற்றினது உள்ளேயே உடைந்துவிடும், அப்புறம் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். இன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பார்த்து ஃபோனில் சொல்ல வேண்டும். நூற்று ஐம்பதுக்குக் கீழே என்றால் வரலாம். மேலே என்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு. ஆக, வெள்ளிங்கிரி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டும். பேசாமல் உட்காரத் தெரியாதா அவருக்கு.

பார்த்தார். மூங்கில், அதற்குப் பின்னால் மூங்கில், அதற்கும் பின்னால் பனி. கீழே ஈரப் புல், கொஞ்சம் சதுப்பு. எவனோ கம்ப்யூட்டரில் பண்ணினது. முள் இல்லாத மூங்கில். எந்தக் காட்டில் மூங்கில் இப்படித் தலை சீவிக்கொண்டு நிற்கிறது? அடித்தூரில் முள்ளும் சிக்கலுமாக நாய் நுழைய முடியாதபடி அல்லவா கிடக்கும். அட்டை இல்லை, ஈ இல்லை, சாணம் இல்லை. சாணம் இல்லாத காடு என்ன காடு. இப்படி ஒவ்வொன்றாகக் குறை கண்டதில் கொஞ்சம் தெம்பு வந்தது, நெஞ்சில் அடித்துக்கொண்டது தணிந்த மாதிரி இருந்தது. ஐந்து பட்டையாக ஒட்டியிருக்கிறான். சேர்ந்த இடம் தெரியவில்லை, வேலைக்காரன்தான். பசை வாசம், சோறு வடித்த கஞ்சி வாசம். முகாமில் காலையில் வருகிற வாசம். அதை விடு. காற்று இல்லை. பனியன் முதுகில் ஒட்டியது. கீழே தெருவில் எவனோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்க்கிறான், கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில். பிறகு குக்கர் நின்றது. பைக்கும் நின்றது. சத்தமே இல்லை. அமைதியாம். காட்டில் ஏது அமைதி? சில்வண்டு இழுக்கும், மந்தி உறுமும், எங்கேயோ மரங்கொத்தி தட்டும். அதெல்லாம் கத்துகிற வரைக்கும் நடக்கலாம். அத்தனையும் ஒரேயடியாக வாயை மூடினால் நின்றுவிட வேண்டும், பக்கத்தில் ஏதோ இருக்கிறது. வாயை மூடின காட்டை இந்தப் பெண் காசு கொடுத்து வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறாள். பாத்துட்டிருங்கப்பா. பார்க்கிறேன் தாயே. மூச்சை இழுத்து நாலு எண்ணச் சொன்னாள். நாலு. விட்டு நாலு. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. துண்டால் துடைத்தார். துடைத்துவிட்டுப் பார்த்தபோது நடுப் பட்டையில் வெள்ளையாக ஒன்று இருந்தது.

பசை வழிந்திருக்கிறது. இல்லை, பேப்பர் உரிந்திருக்கிறது, இஸ்மாயிலைக் கூப்பிட்டு ஒரு அதட்டு அதட்ட வேண்டும். அதுவும் இல்லை, புரைதான். புரைக்கு என்ன, எதைப் பார்த்தாலும் அதன் மேல் ஒரு வெள்ளையை இழுத்துவிடும். இடது கண்ணைப் பொத்தினார். இருந்தது. வலது கண்ணைப் பொத்தினார். எல்லாமே பனி. திரும்ப இடதைப் பொத்தினார். அதே இடம். புரை என்றால் கண்ணோடு கூடவே ஓட வேண்டும், இது ஓடவில்லை. எழுந்தார். முழங்கால் இரண்டும் முனகின. நாலு எட்டு வைத்து, மூக்கு சுவரில் உரசுகிற தூரத்தில் நின்று அண்ணாந்தார். கொக்கு. கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, மஞ்சள் மூக்கோடு, குளிருக்கு ஒடுங்கி நிற்கிற உண்ணிக்கொக்கு. சரி, கொக்குதானே. காடு போட்டவன் கொக்கும் போடுவான். நாற்காலிக்குத் திரும்பினவர் பாதியில் நின்றார். அதன் காலுக்குக் கீழே என்ன இருந்தது? போய்ப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மூங்கில் இல்லை, கிளை இல்லை, பாறை இல்லை. இரண்டு குச்சிக் கால், விரலை விரித்து எதையோ கெட்டியாகப் பற்றி நிற்கிறது, பற்றின இடத்தில் வெறும் பனி. வெள்ளிங்கிரி கையை உயர்த்தினார். அவர் ஐந்தரை அடி. கை தூக்கினால் ஏழு. அதற்கு மேலே ஒன்றரைச் சாண். எட்டு அடி. தரையிலிருந்து எட்டு அடி உயரத்தில் ஒரு உண்ணிக்கொக்கு அந்தரத்தில் நிற்கிறது. தூக்கின கை தூக்கினபடியே இருந்தது. இறங்க மறுத்தது.

எட்டு அடி அவருக்குத் தெரியும். கயிறு போட்டு அளந்த எட்டு அடி. அதன் முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு போட வேண்டும், அந்தக் கயிற்றைப் போல் இரண்டு மடங்கு அதன் தோள் உயரம். காட்டிலாகாவில் சேர்ந்த முதல் மாசம் சொல்லித் தருகிற பாடம். அது என்றால் யானை. காட்டுக்குள் பெயர் சொல்கிற வழக்கம் இல்லை. அது மேட்டில் நிக்குது, அது தண்ணிக்கு எறங்கிருச்சு என்பார்கள், வெள்ளிங்கிரி வீட்டுக்கு வந்தும் அப்படியே பழகிவிட்டார். அன்றைக்கு ஈர மண்ணில் நாலு அடிச் சுற்று. இரண்டு மடங்கு எட்டு. ரிப்போர்ட்டுக்கு வேண்டும் என்று அளந்தார், கை நடுங்குகிறதே என்று மூன்று தடவை அளந்தார், மூன்று தடவையும் நாலுதான். பக்கத்தில் வாட்சர் நஞ்சன் கிடந்தான். வேண்டாம். நாலு எண்ணு. இழுத்து நாலு, விட்டு நாலு, நாலும் நாலும் எட்டு, சனியன், எண்ணுவதுகூட அங்கேயே போய் நிற்கிறது. நாற்காலியில் வந்து விழுந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டால் என்ன? திருப்பினார். இப்போது எதிரே பீரோ, கண்ணாடி, மாத்திரை டப்பா. முதுகுக்குப் பின்னால் மூங்கில். ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்தார். முதுகுத் தோல் முழுக்கக் காதாகிவிட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாளாவது மூங்கிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாரா? பேப்பர்டா. வெறும் பேப்பர், கஞ்சிப் பசை, அதற்குப் பின்னால் செங்கல், அதற்கும் பின்னால் அடுத்த வீட்டுக்காரன் சமையலறை. இருக்கட்டும். திரும்பத் திருப்பிப் போட்டார். கொக்கு அங்கேயே நின்றது.

அண்ணன் ராமசாமி கடைசிக் காலத்தில் சுவரில் எறும்பு போகிறது, எறும்பு போகிறது என்று சீமெண்ணெய் கேட்டான். சுவர் சுத்தமாக இருந்தது. முதலில் எறும்பு, அப்புறம் பேர் மறந்தது, அப்புறம் வேட்டி மறந்தது. இது அதுதானா? தமயந்தியைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம், அம்மிணி, அந்த மூங்கில்ல ஒரு கொக்கு தெரியுதா. தெரிகிறது என்றால் சரி. எங்கங்கப்பா, ஒண்ணுமில்லீங்களே என்று சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டு ஒரு பார்வை பார்ப்பாளே. ராத்திரி மாப்பிள்ளையிடம் மெதுவாகச் சொல்வாள், கண் ஆஸ்பத்திரி போய் மூளை ஆஸ்பத்திரி வரும். கேட்க வேண்டாம். மணி என்ன? கடிகாரம் மங்கலாகத் தெரிந்தது, மூன்றரையா நாலரையா, சின்ன முள் பெரிய முள் வித்தியாசம் போய் எத்தனை நாளாயிற்று. நெஞ்சு காதுக்குள் அடித்தது. இது எத்தனை இருக்கும், இருநூறு இருக்குமா? எழுந்து போய் ஃபேன் சுவிட்சில் விரலை வைத்தார். போட்டால் காற்று வரும், காற்று வந்தால் பனி கலையும், பனி கலைந்தால் கீழே நிற்பது தெரிந்துவிடும். விரலை எடுத்தார். என்ன நினைப்பு இது, பேப்பரில் பனி எப்படிக் கலையும்? வாயைப் பிளந்துகொள்ளும் என்றானே இஸ்மாயில். சரியாகத்தான் சொன்னான். கொக்கு கல்லு மேல உக்காந்திருக்குது. இதைச் சொன்னது யார்? அறையில் யாரும் இல்லை. சொன்னது அவர்தான். இப்போது இல்லை. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், மார்கழி மாசம், காலை ஏழரை மணிக்கு.

வாட்சர் எப்போதும் முன்னால் நடப்பான், கார்டு பின்னால். அதுதான் முறை. முறை என்ன முறை, கத்தி பிடித்துச் செடி வெட்டுகிறவன் முன்னால் போனால்தானே ஆகும். நஞ்சன் அந்த மலைக்காரன், பொறந்ததே காட்டில், மோந்து பார்த்துச் சொல்வான், காதால் பார்த்துச் சொல்வான். எட்டு மணிக்கு முகாம் வயர்லெஸ்ஸில் ரேஞ்சர் கூப்பிடுவார். இரண்டு தடவை ஆள் இல்லை என்று மெமோ கொடுத்துவிட்டார். முகாமுக்கு இன்னும் அரை மைல் இருந்தது. பனி என்றால் நீட்டின கை தெரியாத பனி. நஞ்சன் நின்றான். இடது கையைப் பின்னால் நீட்டி நிறுத்தினான். என்ன என்றார். "வெள்ளையா ஒண்ணு தெரியுதுங்க சாரு." எட்டிப் பார்த்தார். தெரிந்தது. மூங்கிலுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, பனிக்குள் ஒரு வெள்ளை. "கொக்குடா." கொக்குதானுங்க, ஆனா சத்தமில்லீங்களே, கொஞ்சம் நிக்கலாமுங்க சாரு. எதுக்கு நிக்கறது? கொக்கு கல்லு மேல உக்காந்திருக்குது, கொக்குக்கெல்லாம் நின்னா முகாம் போய்ச் சேர முடியுமா? நஞ்சன் திரும்பி அவரைப் பார்த்தான். மூக்கு நுனியில் பனித்துளி. ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நட." ஒரே சொல். அவன் வாயை மூடிக்கொண்டான், கத்தியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான், நடந்தான். பன்னிரண்டு எட்டு. வெள்ளிங்கிரி எண்ணவில்லை, அன்றைக்கு எண்ணவில்லை, பிற்பாடு எண்ணி எண்ணிப் பன்னிரண்டு ஆயிற்று. முதலில் கொக்கு எழும்பியது. சாவகாசமாக, இறக்கையை விரித்து, பனிக்குள் பனியாகப் போனது. அதற்கப்புறம் கல் நகர்ந்தது.

உண்ணிக்கொக்கு. பேரிலேயே இருக்கிறதே. மாட்டு மேல், எருமை மேல், அது மேல் நின்று உண்ணி பொறுக்கித் தின்கிற கொக்கு. கல்லில் ஏதுடா உண்ணி? ஒரு குழந்தை கேட்கும் இதை. காட்டில் சேர்ந்து நாலு வருஷத்தில் தெரிந்த விஷயம், அன்றைக்கு அவருக்கு இருபது வருஷ சர்வீஸ் நெருங்கிவிட்டது, தெரியாதா? தெரியும். தெரிந்தது அந்த நேரத்துக்கு வரவில்லை, மெமோ வந்தது. ரிப்போர்ட்டில் எழுதினார், மூடுபனி காரணமாக முன்னால் எதுவும் தென்படவில்லை. நல்ல கையெழுத்து. கொக்கு ரிப்போர்ட்டில் வரவில்லை, நிக்கலாமுங்க என்றது வரவில்லை, நட என்றது வரவில்லை. நஞ்சன் உடலைத் தோளில் போட்டுச் சுமந்து இறக்கினார் என்று அவரைத்தான் மெச்சினார்கள். நஞ்சன் பொண்டாட்டி ரங்கிக்கு முகாமிலேயே சமையல் வேலை போட்டுக் கொடுத்தார்கள், எட்டு வருஷம் அவள் வடித்த சோற்றைத் தின்றார். கஞ்சி வாசம். எதை விடு என்று சொன்னாரோ அது இதுதான். ஒரு நாள் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "அன்னிக்கி ரொம்பப் பனிங்களா சாரு?" "ம்." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். எத்தனை பெரிய பொய்யையும் அந்த ஒரு எழுத்துக்குள் வைத்துவிடலாம். பொறந்ததில் இருந்து பேசினது போஸ்ட் கார்டில் அடங்குமாம். ஆமாம், அடங்கும். அதில் ஒரு சொல்லுக்கு ஒரு ஆள் போயாயிற்று. பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கும் பார்த்துக்கொண்டிருந்தது. எழும்பிவிடுமோ என்று இருந்தது. எழும்பினால் அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியும். எழும்பாதே, அப்படியே நில்லு. நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போயிருந்தது, கதவு திறந்தது தெரியவில்லை.

"என்னங்கப்பா இப்படி வேர்த்திருக்குது?" தமயந்தி மிஷினைக் கட்டிலில் வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டாள். "அஞ்சாயிருச்சு, ஃபேன் போடலாமுங்க." போட்டாள். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினாள். மிஷின் உறுமியது, விட்டது. மறுபடி அழுத்தினாள்.

"எத்தனை?"

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு." கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "காத்தால நூத்தி அறுவதுதானுங்க. இதைப் பாத்தா எறங்கும்னு போட்டிருந்துச்சு. ஒரு மாசமா தேடினேன். உங்களுக்கு எது வெச்சாலும் ஆகாதுங்களா?" குரல் உடைந்தது. அவள் அழுது அவர் பார்த்தது குறைவு. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது, கண் எப்படியும் போயிற்று. கையை நீட்டினார். சுவரைக் காட்டினார்.

"அங்க ஒரு கொக்கு தெரியுதா?"

"எங்கங்க?"

ராமசாமியின் எறும்பு சாரை சாரையாக வந்தது. தமயந்தி எழுந்து சுவர்கிட்டே போனாள், குனிந்து தேடினாள், நிமிர்ந்தாள். "அட, ஆமாம். இதை எடுக்காம உட்டுட்டாங்களே." திரும்பி அவரைப் பார்த்தாள், திருட்டு வெளிப்பட்டவள் மாதிரி. "இந்தப் படத்துல ஒரு ஆனை இருந்துச்சுங்கப்பா. கடையில காட்டுனப்ப மூங்கிலுக்கு நடுவுல நின்னுட்டு இருந்துச்சு. நஞ்சண்ணன் செத்தது எனக்கென்ன தெரியாதுங்களா, பதிமூணு வயசு எனக்கு. ஆனை வேண்டாம், எங்கப்பாவுக்கு ஆகாது, அழிச்சுட்டுக் குடுங்கன்னு சொன்னேன். கம்ப்யூட்டர்லயே அழிச்சுப் பனியைப் போட்டுட்டாங்க. முதுகு மேல கொக்கு நின்னதை யாரும் பாக்கலீங்க."

"அப்ப இருந்துச்சு."

"என்னதுங்க?"

"அது. அங்க நின்னுச்சு."

"நின்னுச்சுங்க. அழிச்சாச்சு."

ஃபேன் சுற்றியது. நடுப் பட்டையின் ஓரத்தில் ஒரு இடம் லேசாக எழும்பி எழும்பித் தணிந்தது. வெள்ளிங்கிரி அதையே பார்த்தார்.

"நான் பாத்தேன்," என்றார்.

"எதையுங்க?"

"கொக்கை. அன்னிக்கி. அவனும் பாத்தான். நிக்கலாம்னான். நான் நடன்னேன்."

அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை, பார்த்தாலும் பனிதான். குரல் மட்டும் வந்தது. "தூக்கத்துல சொல்லுவீங்க. நட, நடன்னு. தூக்கத்துலயும் யாரையோ வேலை வாங்கறாருன்னு நாங்க சிரிப்போமுங்க." அப்புறம் மெதுவாக, "ரங்கியக்காவுக்குத் தெரியுங்களா?"

"ம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "தெரியாது. சொல்லல."

எழுந்தார். ஜன்னல் விளிம்பைத் தடவி அந்தத் தட்டைப் பென்சிலை எடுத்தார். தமயந்தி, அப்பா பேப்பரு ஈரமுங்க என்றாள். கை தடுக்க வந்தது, பாதியில் நின்றது. கொக்கின் காலை நோக்கிப் பென்சிலை நீட்டினார். எட்டவில்லை. நாற்காலியை அவளே நகர்த்திக் கொடுத்தாள், ஏறினபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். முதலில் முதுகு. வலது பக்கம் இழுத்தார், வளைந்து இறங்கி வாலுக்குப் போனது. இடது பக்கம் ஒரு பள்ளம், அப்புறம் மேடு, மண்டை, நெற்றி, கீழே துதிக்கை. ஈரத் தாளில் பென்சில் உழுதுகொண்டு போனது, ஓர் இடத்தில் கிழிந்தது. இறங்கி நின்று முன்னங்கால் இரண்டு போட்டார். நல்லாவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்ட மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இருந்தது. ஆனால் கொக்குக்குக் காலடியில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு புதர் தள்ளி, நல்ல வெளிச்சத்தில், பெரிய பொட்டை ஆனை ஒன்று நிற்கிறது. ஆனை என்று வாய்விட்டே சொன்னார். தெரிகிறது. நிற்பது தெரிந்தால் சுற்றிக்கொண்டு போகலாம், நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம், அதற்கென்ன.

உட்கார்ந்து கையை நீட்டினார். "இப்பப் பாரு."

மிஷின் இறுகியது, உறுமியது, விட்டது. "நூத்தி அறுவத்தி ரெண்டு," என்றாள். மறுபடி பார்த்தாள். "அறுவது." ஃபோனைக் கையில் எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "அப்பா, நூத்தி நாப்பத்தெட்டுன்னு சொல்லிரட்டுங்களா? வியாழக்கிழமைக்குள்ள எறங்கிரும். அங்க போய்ப் பாத்துக்கலாமுங்க. இதை உட்டா அந்தக் கண்ணு..."

நல்ல கையெழுத்து. மூடுபனி காரணமாக.

"இருக்கறதைச் சொல்லு," என்றார்.

தமயந்தி நம்பரைப் போட்டாள். பேர் சொன்னாள், வயசு சொன்னாள், நூற்று அறுபது என்றாள். ரெண்டு மணிக்கு மேல ஏறிருந்துச்சு, இப்ப எறங்கிட்டு வருது என்றும் சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. ஃபோனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு அவர் பக்கம் குனிந்தாள். "டாக்டரம்மாவைக் கேட்டுட்டு வர்றாங்களாமுங்க. கொஞ்சம் நிக்கச் சொல்றாங்க."

வெள்ளிங்கிரி சுவரைப் பார்த்தார். கொக்கு எழும்பவில்லை.

"நிக்கலாம்," என்றார்.